ஃப்ளீஸ் மேல் விரித்த புல்

திருப்பூரில் எதற்கும் ஒரு டீ-சர்ட் அடித்துவிடுவார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஒன்று, கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு சுற்றுகிறவர்களுக்கு ஒன்று, தெருவுக்குள் கிரிக்கெட் விளையாடினால் அதற்கும் ஒன்று. அதனால் தன் மகளுடைய கோல்ஃப் போட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் டீ-சர்ட் அடிக்க வேண்டும் என்று வேல்குமார் சொன்னபோது கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை. என்ன கலர், காலர் உண்டா இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

வெள்ளை உடம்பு, பச்சைக் காலர். நெஞ்சில் கம்பெனி பெயர். முதுகில், தூரத்திலிருந்து பார்த்தாலும் படிக்கிற அளவுக்குப் பெரிய பச்சை எழுத்தில் 'மதுமதி'. தன்னுடைய சட்டைக்கு மட்டும் பிரிண்டிங்காரரிடம் தனி ஸ்கிரீன் போடச் சொன்னார் வேல்குமார். அதில் 'மதுமதி அப்பா' என்று இருந்தது. ஒரே ஒரு சட்டைக்கு ஸ்கிரீன் போடுகிற கிறுக்கை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பிரிண்டிங்காரர் சொன்னார். அதைக்கூட வேல்குமார் பாராட்டாக எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய கம்பெனி மங்கலம் ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெரிய கம்பெனி இல்லை. வெளிநாட்டில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் போடும் காலர் வைத்த டீ-சர்ட்தான் வருசம் முழுக்க அங்கே ஓடும். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வெகுநாள் வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஒருமுறை ஆர்டர் கொடுக்கிற வெள்ளைக்காரர் வந்தபோது குட்டையான ஒரு கோல்ஃப் மட்டையும் ஒரு பை நிறைய பந்தும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். அது வீட்டு ஷோகேஸ் மேல் பூ ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. எட்டாவது முடித்த லீவில் மதுமதி அதை எடுத்துக் கீழே இறக்கினாள்.

அவள் அதிகம் பேசாத பிள்ளை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகினாள். பந்தைக் கண்காணாத தூரத்துக்கு விளாசுவது இல்லை அவள் பழகியது. குழிக்குப் பக்கத்தில் பந்து வந்தபிறகு, அதைச் சின்னதாகத் தூக்கிப் போட்டு, குழியைப் பார்த்து உருளவிடுவது. அதற்குச் சிப்பிங் என்று பெயர். மொட்டை மாடிக்கு அதுதான் தோதாக இருந்தது.

மண்டபங்களில் மேடைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் புல்லில் ஒரு துண்டை டெக்கரேஷன்காரரிடம் கேட்டு வாங்கி வந்து வேல்குமார் மாடியில் விரித்துக் கொடுத்தார். சிமெண்டுத் தளத்தின் மேல் அந்த மெல்லிய புல் காகிதம் போலக் கிடந்தது. மட்டை தரையில் படும்போதெல்லாம் மதுமதிக்கு மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. ஒரு வாரத்தில் கை வீங்கிவிட்டது. கீழ் வீட்டில் குடியிருந்தவர்களும் தலைக்கு மேல் இடிக்கிறது என்று வந்து சொன்னார்கள். சித்ராதேவி மகளின் கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, இந்த விளையாட்டெல்லாம் நமக்கு எதற்கு என்று கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

வேல்குமார் அடுத்த நாள் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை ஃப்ளீஸ் துணி கொண்டுவந்தார். குளிர்காலச் சட்டைக்கு எடுத்து, கலர் தப்பிப் போய் ஒதுக்கி வைத்தது. உள்பக்கம் பஞ்சு பஞ்சாக இருக்கும். அதைப் பல அடுக்காக அடுக்கி, ஒரு டெய்லரைப் பக்கத்திலேயே நின்று விரட்டி, மெத்தை போலத் தைத்து வாங்கி, புல்லுக்கு அடியில் போட்டார். மதுமதி ஒரு பந்தை வைத்து அடித்துப் பார்த்தாள். கையில் வலியே இல்லை. பந்து மேலே எழும்பி, மெதுவாக வளைந்து, பாதியாக வெட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்முக்குள் போய் விழுந்தது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மகளிடம் அப்படி ஒரு சிரிப்பை வாங்குவது வேல்குமாருக்கு அபூர்வம்.

அன்றிலிருந்து பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. அவர் அதைச் செல்போனில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். டீக்கடையில் காட்டினார், பாங்கில் வரிசையில் நிற்கும்போது காட்டினார். வெள்ளைக்காரருக்கும் அனுப்பினார். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்ப, அதையும் காட்டினார். அதிகம் பார்த்தவர் கியாசுதீன்தான். கியாசுதீன் இவருக்குக் காலர் நெய்து கொடுக்கிறவர். இருவரும் ஒரே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றாக மேலே வந்தவர்கள், மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். "பந்து ஒவ்வொருக்காவும் டிரம்முக்குள்ளயே போகுதே மாப்ள, உள்ளுக்குள்ள காந்தம் ஏதாச்சும் வச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

மதுமதி ஒரே ஒரு முறை ஒன்று கேட்டாள். கோயமுத்தூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிப்பிங் போட்டிக்குப் பெயர் கொடுத்த வாரம் அது. "நெசப் புல்லுல ஒருக்கா அடிச்சுப் பாக்கோணுங்கப்பா."

சாமளாபுரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் தரிசு நிலம் இருந்தது. மழை பெய்தால் புல் முளைக்கிற நிலம். காரில் கூட்டிப் போனால் ஒரு காலை நேரம்தான் ஆகும். வேல்குமார் அப்போது ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "இந்தப் புல்லுக்கு என்ன அம்மிணி கொறைச்சல்? சாம்பிள் ஓகே ஆயிருச்சு. இனி பல்க் ஆர்டருக்குப் பயப்படுவாங்களா?" என்றார். அவள் சரிங்கப்பா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

துவைத்துச் சுருக்கம் பார்க்காமல் ஒரு ரோல் துணியைக்கூட வெட்ட விடாத மனிதர் அவர். அந்த விசயத்தில் கட்டிங் மாஸ்டரையே நம்பமாட்டார்.

போட்டியன்று விடிந்ததும் வேன் கிளம்பியது. சித்ராதேவி, கியாசுதீன், கம்பெனி ஆட்கள் சிலர், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் வெள்ளைச் சட்டையில். மைதானத்தில் இறங்கியபோதே தாங்கள் வேறு மாதிரி இருப்பது வேல்குமாருக்குத் தெரிந்தது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவோ அப்பாவோ ஒருவர்தான் வந்திருந்தார். சத்தம் போடாமல் நின்றார்கள். இவர்கள் கோயிலுக்கு மாலை போட்ட கூட்டம் போல ஒரே நிறத்தில் வரிசையாக இறங்கினார்கள். மதுமதி மட்டையைப் பையிலிருந்து எடுத்ததுமே கம்பெனி ஆட்கள் கைதட்டினார்கள். மைதானத்து ஆள் ஒருவர் ஓடிவந்து, அடிக்கும்போது சத்தம் கூடாதுங்க என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். வேல்குமாருக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் மகள் ஒரு பந்தை அடித்துவிட்டால் இந்த ஊர் தங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும் என்று நினைத்தார்.

புல் பனியில் நனைந்திருந்தது. மதுமதி அதன்மேல் ஏறி நின்று, ஷூவால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். தரை உள்வாங்கியது. அவள் கூட்டத்தில் அப்பாவைத் தேடிப் பார்த்தாள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

முதல் பந்துக்கு மட்டை பந்தை எட்டவே இல்லை. பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே ஈர மண்ணுக்குள் இறங்கி, களைக்கொத்து மாதிரி நின்றுவிட்டது. வேரோடு ஒரு புல் பத்தை பறந்து போய்த் தூரத்தில் விழுந்தது. பந்து இரண்டு உருட்டு உருண்டு அங்கேயே நின்றது. யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரிக்க, அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

"பரவால்ல கண்ணு, அடுத்தது பாத்துக்கலாம்," என்றார் கியாசுதீன்.

அடுத்ததும் அப்படியே ஆனது. வீட்டில் எப்படி அடித்தாளோ அப்படித்தான் அடித்தாள். அதே வீச்சு, அதே தலைக் குனிவு. மாடியில் மட்டை வழுக்கிக்கொண்டு போன இடத்தில் இங்கே மண் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு இடத்தில் தரை பிய்ந்து சிவப்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தரையைக் கண்டே பயம் வந்துவிட்டது. மூன்றாவது பந்துக்கு மட்டையைத் தூக்கிப் பிடித்து, பந்தின் உச்சந்தலையில் அடித்தாள். அது கொடியைத் தாண்டி, குழியைத் தாண்டி, அந்தப் பக்கத்து மணலில் போய் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் தொப்பி போட்ட ஒருவர் வேல்குமாருக்கு எதிரே வந்து நின்றார். வேறொரு பிள்ளையின் அப்பாவாக இருக்க வேண்டும். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வருத்தத்தோடுதான் கேட்டார்: "பாவங்க. புல்லுலயே பழகாத பொண்ணு போல. யாருங்க இந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்தது?"

"தெரியலீங்க," என்றார் வேல்குமார்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது அவருக்கே கேட்டது. அங்கே நிற்க முடியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அதில் யாரும் இல்லாமலே ஆமாங்க ஆமாங்க என்று சொல்லிக்கொண்டு, திரும்பி கேட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

வேனில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, சீட்டில் சாயும்போதுதான் முதுகில் ஒட்டியிருந்த பெயிண்டு விரைப்பாகத் தட்டுப்பட்டது. தெரியாது என்று சொன்ன மறு நிமிடமே திரும்பி நடந்திருக்கிறார். தொப்பிக்காரர் அதைப் படித்திருப்பார். அந்த வரிசையில் நின்ற எல்லோரும் படித்திருப்பார்கள். அவள் தலையைத் தூக்கியிருந்தால் அவளும் படித்திருப்பாள். மதுமதி அப்பா.

சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தையலெல்லாம் வெளியே தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் கம்பெனி லேபிள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி என்பதால் பச்சை எழுத்தும் இடம் வலம் மாறி மங்கலாகத் தெரியத்தான் செய்தது. அது அவருக்குத் தெரியும், தொழிலே இதுதான். ஆனாலும் அப்படியே இருந்தார். வெளியே வந்து தண்ணீர் குடித்தபோது வாட்ச்மேன், "சார், சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க," என்று சொன்னார். வேல்குமார் தலையாட்டினார்.

திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மதுமதி புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பிய்ந்து போன புல் பத்தைகளைத் தேடி எடுத்துவந்து, அவை பிய்ந்த குழியிலேயே வைத்து, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அப்படி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த விளையாட்டின் வழக்கமாம். மைதானத்து ஆள் சொல்லியிருக்கிறார். சித்ராதேவி பக்கத்தில் நின்றிருந்தாள். கணவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆர்டர்காரங்க போனு அம்மிணி. எடுக்காம இருக்க முடியல," என்றார்.

மதுமதி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் வெளியே தெரிந்த தையலைப் பார்த்தாள், கழுத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த லேபிளைப் பார்த்தாள்.

"செரிங்கப்பா."

திரும்பி வரும்போது வேனில் கியாசுதீன்தான் பேசிக்கொண்டே வந்தார். ஒரு ஆர்டர் முழுக்கக் காலரைத் தலைகீழாகத் தைத்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். மதுமதிகூட லேசாகச் சிரித்தாள். இறங்குகிற இடத்தில் மட்டும் வேல்குமாரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"மூணாவது பந்துக்கப்புறம் புள்ள பந்தையே பாக்கல மாப்ள. நீங்க போன கேட்டப் பாத்தாப்பலயே அடிச்சுது."

அதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மட்டை மறுபடியும் ஷோகேஸ் மேல் ஏறியது. மதுமதி பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். மாடிக்குப் போகவில்லை. வீட்டில் யாரும் கோல்ஃப் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் போட்டி என்னங்க ஆச்சு என்று கேட்டபோது, வேல்குமார் துணி ரோலைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் போனார். இரண்டு மூன்று பேர் இன்னும் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். புதுச் சட்டை, போடாமல் என்ன செய்வார்கள். மிசின்களுக்கு நடுவே மகளின் பெயர் குனிந்தும் நிமிர்ந்தும் போவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவர், சும்மா இருக்க முடியாமல் அந்தப் பிளாஸ்டிக் புல்லைத் தூக்கிப் பார்த்தார். மேலே ஒரு தழும்பு இல்லை. அடியில் இருந்த ஃப்ளீஸ் மெத்தையைப் புரட்டினார். பந்து வைக்கிற இடத்தில் துணி புத்தம் புதிதாக இருந்தது. அதற்கு ஒரு சாண் பின்னால், சிமெண்டில் உரசி உரசிப் பஞ்செல்லாம் தேய்ந்து, தையல் அறுந்து, அடுக்கு அடுக்காக ஓட்டை விழுந்திருந்தது.

அவர் அப்படியே குந்திவிட்டார். முதல் நாளிலிருந்தே மட்டை பந்துக்குப் பின்னால்தான் விழுந்திருக்கிறது. வெறும் சிமெண்டாக இருந்தவரைக்கும் கை வலித்துச் சொன்னது. இவர் மெத்தை போட்டு அந்த வலியை வாயடைத்துவிட்டார். மட்டை மெத்தையில் அமுங்கி, வழுக்கி, பந்தையும் தூக்கிவிட்டிருக்கிறது. அதைத்தான் ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அன்று சாப்பிடும்போது அதைச் சொன்னார். கொஞ்சம் உற்சாகத்தோடேகூடச் சொன்னார். தப்பு அவள்மேல் இல்லை, அந்தப் புல் மேல், தான் போட்ட துணி மேல் என்று விளக்கினார். மதுமதி தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியுங்கப்பா. அன்னைக்கு மொதப் பந்துலயே தெரிஞ்சுபோச்சு."

பிறகு தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள். சித்ராதேவி அப்போதுதான் கணவனை நேராகப் பார்த்தாள். "துணியப் பத்தி மட்டும் வெவரமாச் சொல்றீங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமளாபுரம் போகலாமா என்று மகளிடம் கேட்டார். அவள் யோசித்தாள். அம்மா மட்டையை எடுத்துக் கையில் கொடுத்ததால் வந்தாள். வேல்குமார் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார், நேராக.

நிலத்தில் போன வாரம் பெய்த மழைக்குப் புல் எழுந்து, ஆடுகள் மேய்ந்து மட்டமாக்கி வைத்திருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தறிக்குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்க வெளியே வந்தவர்கள், மட்டையோடு இறங்குகிற பிள்ளையைப் பார்த்து ரோட்டோரம் வந்து நின்றார்கள். அந்த இடத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. இவர்கள் போன பிறகு பேசலாம் என்று முதலில் நினைத்தார். பிறகு, இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அன்னைக்கு போனு வரல கண்ணு."

"தெரியுங்கப்பா."

"ஒருத்தர் கேட்டாரு, யாரு கூட்டிட்டு வந்த புள்ளைன்னு. தெரியலீங்கன்னு சொல்லிட்டேன்."

இது அவளுக்குத் தெரியாது. பந்தைப் பையிலிருந்து எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகம் சிறுபிள்ளை முகமாக ஆகி, திரும்பவும் பழையபடி ஆனது. வேல்குமார் ஏதாவது சேர்த்துச் சொல்லப் பார்த்தார். சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

கடைசியில் அவள் கையை நீட்டிக் கொஞ்ச தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"அங்க போய் நில்லுங்க. என்னையப் பாத்து நில்லுங்க."

அவர் போய் நின்றார். அவள் பந்தை வைத்து அடித்தாள். மட்டை மண்ணில் இறங்கியது. புல்லும் ஈரமண்ணும் கிளம்பி வந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் அப்பியது. அவர் துடைக்கவில்லை. அடுத்ததும் அப்படித்தான். ரோட்டோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் பக்கத்திலேயே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, கெழங்கா தோண்டுறீங்க? யாரு புள்ள இது?"

"எம் பொண்ணுங்க. பழகுதுங்க," என்றார் வேல்குமார். சத்தமாகத்தான் சொன்னார். மதுமதி நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டாளோ என்னவோ. பிய்ந்த புல்லை எடுத்துக் குழியில் வைத்து அமுக்கிவிட்டு, அடுத்த பந்தை வைத்தாள்.

வெயில் ஏறியது. சிரித்தவர்கள் அலுத்துப்போய் வேலைக்குத் திரும்பினார்கள். அவள் பந்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நின்று பார்த்தாள், எடையை முன்காலுக்கு மாற்றிப் பார்த்தாள். தரை பிய்ந்துகொண்டுதான் இருந்தது. பிய்கிற இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தின் பக்கம் நகர்ந்தது. பிறகு ஒருமுறை மட்டை பந்தைத் தொட்டுவிட்டு மண்ணைத் தொட்டது. பந்து தாழ்வாக எழும்பி, அவருடைய காலைக் கடந்து, பின்னால் எங்கோ புல்லில் உருண்டு நின்றது.

எடுத்துவரப் போக வேண்டும். வேல்குமாருக்குத் திரும்ப மனம் வரவில்லை. மகளைப் பார்த்தபடியே ஒரு கால் பின்னால் வைத்தார். இன்னொரு கால் வைத்தார். வரப்பில் இடறி, கையை ஆட்டிச் சமாளித்தார். மதுமதி மட்டையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பியே போங்கப்பா," என்றாள். "விழுந்துருவீங்க."

அவர் திரும்பினார். அவள் பெயர் எழுதிய முதுகு கூசியது.